இரண்டு கடலாடி

உலகத்தில் ஒரே ஒரு கடலாடிதான் இருக்கிறது என்று நாற்பத்தெட்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். அது எங்கள் திருவண்ணாமலையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவில், பர்வதமலை அடிவாரத்தில், கடலுக்கும் தனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. மலை ஏறப் போகிறவர்கள் அங்கே இறங்கித் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு நடப்பார்கள். அந்த ஊர்க்காரர் ஒருவரை, "பேர்ல கடலு, குளிக்கறது பம்ப்செட்டுல" என்று இருபது வருடமாகக் கிண்டல் செய்து வந்தேன். அவரும் இருபது வருடமாகச் சிரிக்காமல் இருந்தார்.

என் பூகோளம் அவ்வளவுதான். எங்கள் ஊரில் திசை என்பது மலைக்கு அந்தப் பக்கம், மலைக்கு இந்தப் பக்கம் என்பதோடு முடிந்துவிடும். மலை தெரிகிற வரை சொந்த ஊர், தெரியாமல் போனால் வெளிநாடு. ஏழு கடல் தாண்டி வந்து செங்கம் சாலையில் அறை எடுத்துத் தங்குகிற வெள்ளைக்காரர்களைப் பார்த்து, பாவம், வீட்டில் என்ன சண்டையோ என்று நினைத்துக்கொள்கிற ஆள் நான். கடலை இரண்டே முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் அது என்னை நோக்கித்தான் வந்தது.

வேங்கிக்காலில் எங்கள் அலுவலகம். எந்தத் துறை என்று சொல்லமாட்டேன், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். ஒருநாள் எங்கள் அலுவலகத்தில் ஆள் ஜாஸ்தி, வேலை கம்மி என்பதை மேலிடம் எப்படியோ கண்டுபிடித்துவிட்டது. இரண்டு பேரை வெளியே அனுப்ப வேண்டும். ஒன்று நான். இன்னொன்று என் எதிர் சீட்டுப் பெண். மற்றவர்களுக்குப் பரிந்து பேச மேலே ஆள் இருந்தது.

சூப்பிரண்டு ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். அதில் இரண்டு ஊர்ப் பெயர். ஆரணி, கடலாடி.

"நீங்கதான் சீனியர். மொதல்ல நீங்க சொல்லுங்க. மிச்சம் இருக்கறது அந்தம்மாவுக்கு" என்றார்.

ஆரணி கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். கடலாடி ஒரு மணி. அவர் சீட்டை மடிப்பதற்குள் "கடலாடி" என்றேன்.

டீ நேரத்தில் அவள் என் மேஜைக்கு வந்தாள். என்னைவிடப் பத்துப் பதினோரு வயது சின்னவள். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. பிறவியிலேயே காது கேட்காது. முந்தின வருடம்தான் ஆபரேஷன் செய்து, காதுக்குள் ஒன்றும் வெளியே மாட்டுகிற ஒன்றுமாகக் கருவி வைத்திருந்தார்கள். கருவி வைத்தால் மட்டும் போதாது, வருகிற சத்தம் என்னவென்று அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வாரத்தில் மூன்று சாயங்காலம் டவுனில் பேச்சுப் பயிற்சி. தாயும் கூட உட்கார வேண்டும், அங்கே சொல்லித் தருவதை வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் திருப்பிச் சொல்ல வேண்டும். நடுவில் நிறுத்தினால் எல்லாம் முதலிலிருந்து என்று டீச்சர் சொல்லியிருந்தார். அவள் புருஷன் ஹார்டுவேர் கடையில் வேலை, கடை சாத்த ஒன்பது மணி ஆகும். இதெல்லாம் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு நன்றாகவே தெரியும்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"ஜாதகத்தத் தவிர எது வேணா கேளும்மா."

"கடலாடிய எனக்கு விட்டுக் குடுங்கண்ணா. அங்கேந்துன்னா ஏழு மணிக்குள்ள வந்துடுவேன். டீச்சர் கிட்ட ஏழு மணி கிளாசா மாத்திக் கேட்டுட்டேன். ஆரணின்னா எட்டாயிடும்ணா, கிளாஸ் முடிஞ்சிடும்."

"எனக்கும் வயசாகுதே. பர்வதமல ஏறிப் புண்ணியம் சேக்க வாணாமா?"

"ஒரு தடவகூட ஏறினது இல்லன்னு நீங்களே சொல்வீங்களேணா."

"இனிமே ஏறுவேன். ஆபீஸ் ஜன்னல்ல உக்காந்துக்கினே பார்வையாலயே ஏறிடுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சீனியர் ஜோக்கடித்தால் ஜூனியர் சிரித்துத்தான் ஆக வேண்டும். பிறகு தன் இடத்துக்குப் போய் ஒரு ஃபைலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் படித்தாள்.

மறுநாள் துறை டைரியில் நம்பர் தேடிக் கடலாடி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஃபேன் எந்த சீட்டுக்கு நேராக இருக்கிறது, டீ எங்கிருந்து வருகிறது, பாத்ரூமில் தண்ணீர் வருமா என்று விசாரித்து வைத்துக்கொள்ளலாமே என்று.

"வணக்கம், யாருண்ணே பேசுறது?"

அந்த 'ணே' எனக்கு முதல் அடி. எங்கள் பக்கம் 'ணா'தான்.

"அங்க புதுசா வரப்போற ஆளு. திருவண்ணாமலையில இருந்து பேசறேன்."

"வாங்கண்ணே, வாங்க. அம்புட்டுத் தொலவுல இருந்தா வாறீக?"

"இன்னா தொலவு? பஸ்சுல ஒரு மணி நேரம்."

அந்தப் பக்கத்திலிருந்து ரொம்ப மரியாதையாக ஒரு கேள்வி வந்தது. "பிளேன்ல வாறீகளாண்ணே?"

"தம்பி, ஆபீஸ் மலைக்கு எந்தப் பக்கம் இருக்கு, அத மட்டும் சொல்லு."

"இங்க ஏதுண்ணே மலை? வாசல்ல நின்னா கடலுதான். தாலுகா பேருதான் கடலாடி, நம்ம ஆபீஸ் கடக்கரை ஊருல இருக்கு. மீனுக்குக் கவலையே இல்ல. குடிதண்ணிதான் கொஞ்சம் செரமம்."

நான் சிரித்தேன். ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒரு கோமாளி உண்டு, எங்கள் அலுவலகத்தில் நான் இருப்பதைப் போல இவன் அங்கே போலிருக்கிறது என்று நினைத்தேன். சும்மா ஒரு பேச்சுக்கு, எந்த மாவட்டம் தம்பி என்றேன். ராமநாதபுரம் என்றான்.

போனை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போனேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடி போனேன். மூன்றாவது முறை போகும்போது வாட்ச்மேன், "இன்னா சார், காலையில எங்க சாப்ட்டீங்க?" என்று அக்கறையாகக் கேட்டார். சூப்பிரண்டு சீட்டுக்குப் பின்னால் ஒரு தமிழ்நாட்டு வரைபடம் தொங்குகிறது. அதன் கீழ்ப் பாதியை ஒரு மளிகைக் கடைக் காலண்டர் மறைத்திருக்கும். வந்த நாளிலிருந்து அப்படித்தான், அதன் கீழே நாடு இருக்கிறதா என்று யாரும் தூக்கிப் பார்த்ததில்லை. அவர் சாப்பிடப் போன சமயம் தூக்கிப் பார்த்தேன். இருந்தது. கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு ராமநாதபுரம் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து ஒரு சாணும் நாலு விரலும்.

வீட்டுக்குப் போனதும் என் மனைவி முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"இன்னா ஆச்சு? இன்னா மூஞ்சி இது?"

"கடலாடி."

"தெரிஞ்சதுதானே. நீங்களே கேட்டு வாங்கினது."

"இது வேற கடலாடிடி. ராமநாதபுரம் பக்கம். கடல் ஓரம்."

அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நாளைக்கே அந்தப் பொண்ணு கிட்டயும் சொல்லி, ரெண்டு பேருமா சேந்து சூப்பிரண்ட போய்ப் பாருங்க. தெரியாம நடந்ததுன்னு சொன்னா எதுனா வழி பண்ணுவாங்க" என்றாள்.

சரி என்றேன். இருபத்திரண்டு வருடமாக அவள் சொன்ன எல்லாவற்றுக்கும் சரி என்றிருக்கிறேன். ஒன்றையும் செய்ததில்லை.

நான் போக முடியாததற்கு என்ன காரணம் என்று அன்றைக்கு ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன். பையன் வேலூரில் ஹாஸ்டலில் படிக்கிறான். மனைவிக்கு உடம்பு இரும்பு. அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று. காரணம் என்று எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. காலையில் ஒரு இட்லிக் கடை, ஜன்னலில் மலை, கட்டிலில் என் பக்கம். அவ்வளவுதான். அதற்காகத்தான் மூன்று முறை கழிவறைக்கு ஓடியிருக்கிறேன்.

காலையில் நேராக அவள் மேஜைக்குப் போனேன்.

"இந்தாம்மா, கடலாடி உனக்கே."

எழுந்து நின்றாள். "நெசமாவாணா?"

"பாப்பா பேசணும் இல்ல? எனக்கு ஆரணி போதும். பட்டுப் பொடவையப் பாத்துக்கினே காலத்த ஓட்டிடறேன்."

என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண் ஈரமாக இருந்தது. "யோவ், உன்ன இன்னாவோன்னு நெனச்சேன்யா" என்று சூப்பிரண்டு என் முதுகில் தட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அவளுக்குக் கடிதம் எழுத வராது. அலுவலகத்தில் எல்லோருக்கும் நான்தான் எழுதிக் கொடுப்பேன். அன்றைக்கும் எழுதினேன். 'மேற்காணும் கடலாடி பணியிடத்திற்கு, எவருடைய வற்புறுத்தலும் இன்றி, மனமுவந்து, என் சொந்த விருப்பத்தின் பேரில் செல்லச் சம்மதிக்கிறேன்.' சம்மதிக்கிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தாலே போதும். 'மனமுவந்து' ஓசைக்காகச் சேர்த்தது. கை நடுங்கியது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடுங்கவில்லை. கையெழுத்து முத்து முத்தாக விழுந்தது.

அவள் வாய்விட்டுப் படித்தாள். "எவ்ளோ அழகா எழுதியிருக்கீங்கணா" என்று சொல்லிக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் எனக்கென்று தனி டப்பாவில் கேசரி கொண்டுவந்தாள். முந்திரி தூக்கலாக இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்காம்மா என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆர்டர் வரப் பதினொரு நாள் ஆயிற்று. அந்தப் பதினொரு நாளும் நான் பட்ட பயத்தை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. யாராவது காலண்டரைத் தூக்கிவிடுவார்களோ என்று பயம். சூப்பிரண்டு நாற்காலியை நகர்த்தும்போதெல்லாம் எழுந்து நின்றேன். அவள் போனை எடுத்தால் கடலாடிக்குத்தான் பேசப் போகிறாள் என்று ஏதாவது ஒரு ஃபைலைக் கேட்டுக் குறுக்கே போய் நின்றேன். ஒரு புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, பௌர்ணமியும் இல்லை ஒன்றும் இல்லை, மொட்டை வெயிலில் கிரிவலம் நடந்தேன். அடி அண்ணாமலையில் டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

"இன்னா சார், வெறும் நாள்ல? எதுனா வேண்டுதலா?"

"ஆமாங்க."

"நல்லதே நடக்கும் சார். உக்காருங்க மொதல்ல."

என்ன வேண்டுதல் என்று அவர் கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன். ஆர்டர் சீக்கிரம் வர வேண்டும், அவளுக்கு உண்மை மெதுவாகத் தெரிய வேண்டும். இதைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டு நடந்தேன்.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த ஊரைப் பற்றிப் படித்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நூலகத்தில் உட்கார்ந்து மாவட்டப் புத்தகங்களைப் புரட்டினேன். போனில் தேடினேன். அந்தக் கடற்கரை ஊரின் வரலாற்றையும் பூகோளத்தையும் அங்கே பிறந்தவர்களைவிட நன்றாகப் படித்தேன் என்று தைரியமாகச் சொல்வேன். அங்கே கடல் கிழக்கில் இல்லை, தெற்கில் இருக்கிறது. கரைக்கு எதிரே ஆள் இல்லாத குட்டித் தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப் பாறை. தண்ணீருக்கு அடியில் புல் வெளி, அதை மேய ஆவுளியா என்கிற கடல் பசு. பாண்டியர் காலத்தில் முத்துக் குளித்த கரை. அரபு நாட்டிலிருந்து கப்பலில் குதிரை இறக்கிய கரை. சேதுபதிகள் காலத்தில் அங்கிருந்து பாய்மரத் தோணிகள் கருவாடும் கருப்பட்டியும் ஏற்றிக்கொண்டு இலங்கைக்குப் போய் வந்தன. வெள்ளைக்காரன் ஒரு சுங்கச் சாவடி கட்டினான். பிறகு ரயில் போன துறைமுகங்கள் பெரிதாகிவிட, இங்கே தோணி நின்றது. சாவடியின் கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கிறது. ஊருக்கு மேற்கே பனங்காடு, வடக்கே உப்பளம், அதைத் தாண்டிக் கண்ணுக்கு எட்டிய வரை சீமைக்கருவேலம். வைகையில் விட்ட தண்ணீர் அந்த ஊர்க் கண்மாய் வரைக்கும் வந்ததாக எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. அந்த வரியை வேகமாகத் தாண்டினேன்.

படிக்கப் படிக்க அந்த ஊர் அழகாகிக்கொண்டே போனது. மூன்றாம் நாள் அவளுக்கு நான் ஏதோ பரிசு கொடுத்திருப்பதாகவே தோன்ற ஆரம்பித்தது. கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

ஆர்டர் வந்த அன்று சூப்பிரண்டு நின்றுகொண்டே படித்தார். 'தன் சொந்த விருப்பத்தின் பேரில், ராமநாதபுரம் மாவட்டம், கடலாடி வட்டம்' என்ற இடத்தில் அவர் குரல் இறங்கியது.

"சார், நம்ம கடலாடிதானே? மாவட்டம் தப்பா அடிச்சிட்டாங்களா?" என்றாள் அவள்.

"தப்பு இல்லம்மா. நானும் நம்ம கடலாடின்னுதாம்மா நெனச்சேன். மெசேஜ்ல பேரு மட்டும்தான் வந்துச்சு."

நான் தலையில் கை வைத்துக்கொண்டு, "அட கடவுளே, கடலாடின்னு ரெண்டு ஊரா!" என்றேன். நடிப்பு நன்றாகத்தான் இருந்தது. ஒரு விநாடி தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

மாற்றித் தர முடியுமா என்று கேட்டாள். சூப்பிரண்டு கடிதத்தை எடுத்துப் பார்த்தார். விருப்பப்பட்டு எழுதிக் கொடுத்து வாங்கிய இடம், ஒரு வருடத்துக்கு அசைக்க முடியாது, பயணப்படியும் கிடையாது என்றார். "மனமுவந்துன்னு வேற எழுதியிருக்கே" என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணாதான் எழுதிக் குடுத்தாரு" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. அந்தச் சொல் எப்படி அங்கே வந்தது என்று விளக்கினாள், அவ்வளவுதான்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுக்கு ஆறுதல் சொன்னேன். வரலாறு உள்ள ஊரும்மா என்று ஆரம்பித்தேன். முத்து, குதிரை, தோணி, சாவடி, கடல் பசு எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பாடம் கேட்பதைப் போல முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அங்க பேச்சு சொல்லிக் குடுக்கற சென்டர் இருக்குமாணா?"

அரபுக் குதிரை கப்பலில் என்ன தின்றது என்பதுவரை நான் படித்திருந்தேன். இது எனக்குத் தெரியவில்லை.

"விசாரிச்சுச் சொல்றேம்மா" என்றேன். விசாரிக்கவில்லை.

வேறு ஊரில் வேறு டீச்சரிடம் போனால் குழந்தை குழம்பிவிடும் என்று இங்கே டீச்சர் சொல்லிவிட்டார். அதனால் குழந்தையைப் புருஷனிடம் விட்டுவிட்டு அவள் தனியாகப் போனாள். வகுப்பில் கூட உட்காரப் புருஷனின் அக்கா அடி அண்ணாமலையிலிருந்து வந்து போனாள்.

ஐந்து வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம் அவளைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். நான் லீவு நாளில் அரை நாள் ஆடிட் வேலைக்குப் போய்விட்டு ஆரணி பஸ்ஸிலிருந்து இறங்கினேன். அவள் விழுப்புரம் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். முந்தின நாள் சாயங்காலம் கிளம்பி நாலு பஸ் மாறி வந்திருந்தாள். முகம் கறுத்து உதடு வெடித்திருந்தது. ஓடி ஒளிய இடம் தேடினேன். இளநீர்க்காரரின் மூன்று சக்கர வண்டிதான் இருந்தது, அதன் பின்னால் என் உடம்பு மறையாது.

"எப்பிடிம்மா இருக்கு ஊரு? முத்து கித்து கெடைச்சுதா?" என்றேன்.

"தண்ணி தள்ளுவண்டியில வருதுணா. குடத்த அடுக்கி ரெண்டு மூணு கிலோமீட்டர் தள்ளினு வராங்க, பொம்பளைங்கதான். கச்சான்னு ஒரு காத்து அடிக்குது. சாப்பிட உக்காந்தா சோத்துல மணலு. அந்தக் காத்து சத்தத்துல நான் போன்ல பேசறது பாப்பாவுக்கு ஒரே இரைச்சலாதான் கேக்குதாம். கருவியக் கழட்டி வீசிடுதாம்."

"போகப் போகப் பழகிடும்மா."

"அங்க ஒரு அண்ணன் உங்கள விசாரிச்சாரு."

"என்னையா? என்னை யாருக்கும்மா தெரியும் அங்க?"

"மலைக்கு எந்தப் பக்கம் ஆபீஸ்னு போன்ல கேட்டாரே, அந்தத் திருவண்ணாமல ஆளு ஏன் வரலன்னு கேட்டாரு. எப்ப கேட்டாங்கன்னேன். அவங்க ஊர் கோயில்ல கொடி ஏத்தின மறுநாளாம், அதனால நல்லா ஞாபகம் இருக்காம்." அவள் பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். "நான் லெட்டர்ல கையெழுத்துப் போட்டதுக்கு மொத நாள்ணா அது."

நான் ஏதாவது சொல்ல வேண்டும். எனக்கு வந்தது ஜோக்குதான். "இந்த ஊர்ல மலையக் கேக்காத ஆளு யாரும்மா? அது வேற எவனாவது இருப்பான்" என்றேன்.

முதல் முறையாக அவள் என் ஜோக்குக்குச் சிரிக்கவில்லை.

"கேசரி நல்லா இருந்துச்சாணா?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல், குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற புருஷனிடம் போய்விட்டாள்.

நான் ஆரணியில் இருந்தது நாலே மாதம். வேங்கிக்கால் அலுவலகத்தில் ஒருவர் ரிட்டயர் ஆக, பழைய நாற்காலிக்கே வந்துவிட்டேன். அவள் மூன்று மனு போட்டாள். மூன்றும் 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்ற வரியின் கீழே பேனாவால் கோடு போட்டுத் திரும்பி வந்தன. அவள் இருந்த மேஜையில் இப்போது பிரிண்டர் இருக்கிறது.

போன மாதம் ஆணி வாங்கப் போன கடையில் அவள் புருஷன் நின்றிருந்தார். என் மேல் அவருக்குக் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை, அவள் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. பாப்பா பேச ஆரம்பித்துவிட்டது சார் என்றார். பயிற்சி வகுப்பில், அத்தை கூட இருக்கும்போது பேசியிருக்கிறது. முதலில் வந்த சொல் 'பஸ்'. அம்மாவுக்குப் போனில் சொன்னார்கள்.